பகல் தூக்கத்துக்கு ஒரு வானம்

எங்கள் லேஅவுட்டில் காலை வெயில் ஏறும்போதுதான் பாதிப் பேருக்கு இரவு தொடங்கும். கம்பெனி பஸ் நுழைவு வளைவுக்கு வெளியே வந்து நின்று, நைட் ஷிப்ட் முடித்தவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிடும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காலி டிபன் பை, கண்ணில் மணல் விழுந்த மாதிரி ஒரு சிவப்பு. யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறவர்கள் போல மெதுவாக வந்து அவரவர் கதவைத் தட்டுவார்கள். எதிரே ஸ்கூலுக்கு ஓடுகிற பிள்ளைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். கல்யாணமாகி வாலாஜாபாத்திலிருந்து வந்த புதிதில் இந்தக் காட்சியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு என் வீட்டுக்காரரும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டார். சிரிப்பு போய்விட்டது.

லேஅவுட் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரகடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் யாரோ பெரிய கனவோடு போட்ட மனைப்பிரிவு. வளைவின் மேல் இரண்டு சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கு மூக்கு கிடையாது. உள்ளே தார் ரோடுகள், மஞ்சள் அடித்த கற்கள், பூக்களின் பெயர் வைத்த தெருப் பலகைகள். ரோஜாத் தெருவில் ஒரு வீடும் கிடையாது, மாடுகள்தான் குடியிருந்தன. மல்லிகைத் தெரு கோரைப்புல்லுக்குள் போய்க் காணாமல் போய்விடும். ஒரு மூலையில் மட்டும் ஷீட் கூரை போட்ட வாடகை வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் நாங்கள். தூரத்தில் கம்பெனிகளின் 'ம்ம்ம்' என்கிற சத்தம் பகலிலும் ராத்திரியிலும் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அது காதில் விழாது. என்றைக்காவது கரண்ட் போய் அது நின்றால்தான் எல்லாரும் வெளியே வந்து என்ன ஆச்சு என்று பார்ப்போம்.

அந்த வருடம் முழுக்க அவருக்கு நைட்தான். இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை. சாயங்காலம் கிளம்பினால், ஓவர்டைமும் சேர்த்து மறுநாள் காலையில்தான் வருவார். குளித்து, இட்லியைக் கண்ணை மூடிக்கொண்டே தின்று, படுப்பார். அதற்கப்புறம் என் டியூட்டி ஆரம்பிக்கும். எங்கள் வீடு ஒரே அறை. அதில் அவர், நான், இரண்டு வயதுப் பெண் குழந்தை, மேலே அடுப்பு மாதிரி காய்கிற ஷீட். குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுவேன். அந்த வருடம் வேகாத பருப்பைத்தான் தின்றோம். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சட்னி அரைத்துவருவேன். குழந்தை வாயைத் திறந்தால் என் கை போய்ப் பொத்தும். அது அழுகையே வராமல் உதட்டை மட்டும் பிதுக்கப் பழகிவிட்டது. அதைப் பார்த்தால் எனக்கே என் மேல் ஆத்திரமாக வரும்.

வீட்டுக்குள் இருக்கிற சத்தத்தை நான் அடக்கலாம். தெருவில் வருகிற வெங்காய வண்டியை என்ன செய்வது? மைக்கில் பதிவு பண்ணின ஒரு குரல், மூச்சே விடாமல் கத்தும். அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாத மாதிரி என்னைப் பார்ப்பார். மறுபடி படுப்பார். வெயில் ஏறும். ஷீட் 'டப் டப்' என்று விரியும். மத்தியானத்துக்கு மேல் தூங்கின பாவனையில்தான் படுத்திருப்பார். நானும் குழந்தை பிறக்கும் வரை ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் லைனில் நின்றவள். தூங்கினவர் முதுகு எப்படி இருக்கும், தூங்காதவர் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அப்போதெல்லாம் அவர் பைக்கில் போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் கண் அசந்துவிட்டார். பைக் தானாகவே ரோட்டை விட்டு இறங்கி, சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் நின்றிருக்கிறது. முள் கிழித்த சட்டையோடு வந்து, "ஒண்ணுமில்ல, சும்மா ஸ்லிப்பு" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் லாரி வந்துகொண்டிருந்தது என்று கூட வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் போட்ட சண்டையில் நாலு வீட்டு ஜனமும் எழுந்திருக்கும். பைக் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். மறுநாளிலிருந்து கம்பெனி பஸ்.

அதற்குப் பிறகுதான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"குன்றத்தூர்ல நம்ம பிரெண்டு ரூம் கீது. கீழ் வூடு. ஜன்னல் கூட கெடையாது, பகல்லயே கும்மிருட்டா இருக்கும். நான் அங்க போய்த் தூங்கறேன். வீக் ஆஃப்க்கு வூட்டுக்கு வந்துடறேன்."

"நானும் கொழந்தையும்?"

"இன்னா பண்றது சொல்லு. தூக்கம் இல்லாம மெசின்கிட்ட நிக்கறேன். கை உள்ள போயி வரும்போது, அது என் கையான்னே சில நேரம் தெரியல."

பரணிலிருந்து ஒரு நீலப் பையை இறக்கி இரண்டு லுங்கி, நாலு சட்டை, ஒரு போர்வை வைத்து ஜிப்பை இழுத்தார். வாரத்துக்கு ஒரு நாள் வருகிற விருந்தாளியாக அவர் ஆகிவிடுவார் என்று பயந்தேன். அந்த மாதிரிப் போனவர்களை இந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, பிறகு போன் மட்டும். சண்டை ஒன்றும் இருக்காது. தூரம் தானாக வளர்ந்துவிடும். ஆயுத பூஜை வரைக்கும் பொறுங்கள், அதற்குள் ஏதாவது செய்கிறேன் என்று கெஞ்சினேன். பை மறுபடி பரணுக்குப் போனது. என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தது என் மகள்தான், அவளும் ஓர் ஆட்டுக்குட்டி பின்னால் போய்.

வளைவைத் தாண்டினதும் வலதுபுறம், மனை போட்ட காலத்திலேயே 'சமுதாயக் கூடம்' என்று கட்ட ஆரம்பித்து விட்டுவிட்ட ஒரு கட்டடம் இருந்தது. மூன்று பக்கம் சுவர், மேலே கான்கிரீட், முன்பக்கம் திறந்த வாய். சுவரில் ஜன்னலுக்கு விட்ட ஓட்டைகள். பின்னால் ஒரு குட்டை, அதில் கொக்குகள். உள்ளே ஆட்டுப் புழுக்கையும் உடைந்த பாட்டிலும்தான் இருக்கும் என்பதால் யாரும் போவதில்லை. குழந்தையைத் துரத்திக்கொண்டு உள்ளே போன நான் அப்படியே நின்றுவிட்டேன். வெளியே உச்சி வெயில். உள்ளே குட்டைத் தண்ணீரைத் தொட்டுவந்த காற்று. கம்பெனிச் சத்தம் கூட அங்கே பஞ்சு சுற்றின மாதிரி மெதுவாகத்தான் கேட்டது. கால் வலிக்கக் கொஞ்சம் உட்கார்ந்தேன். மடியில் குழந்தை பேசிக்கொண்டே இருந்தது, அடுத்த வார்த்தை வரவில்லை. குனிந்து பார்த்தால் தூங்கிவிட்டது. நான் வாயைப் பொத்தாமலே தூங்கிவிட்டது.

கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. நானும் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தபோது மனதில் ஒரு முடிவு இருந்தது.

அதை முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அக்காவிடம். என் மிக்ஸிக்கு இடம் கொடுத்த அதே அக்கா. ஒரகடம் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கம். கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப், அவருக்கும் நைட். நான் சொல்லி முடிக்குமுன் அக்கா கையைத் தட்டினார்.

"நம்ம ஆம்பளைங்க அல்லாரையும் அங்க கொண்டும்போயி படுக்கப் போட்டுட்டா, நான் நிம்மதியா துணி துவைப்பேன், பாட்டு கேப்பேன். இன்னா நீ, இத்தினி நாளா இத சொல்லாம இருந்துகினே?"

தண்ணி லாரி வரும் நேரத்தில் குடத்தோடு நின்ற பெண்களிடம் பேச்சு பரவியது. யாரும் மறுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் பகலில் தூங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்; ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் குக்கரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள். கூட்டமாகப் போய் வார்டு மெம்பரம்மாவைப் பார்த்தோம். எங்களை ஏற இறங்கப் பார்த்து, "தூங்கறதுக்கா?" என்று கேட்டார். "தூங்கறதுக்குத்தான்" என்றோம். ரோடு கேட்டு வருகிறார்கள், தண்ணீர் கேட்டு வருகிறார்கள், தூக்கம் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை என்று சிரித்தார். "பஞ்சாயத்து எடம்தான், யூஸ் பண்ணிக்கோங்க. ஆனா பூட்டு போடக்கூடாது, கொக்கி போட்டு கரண்ட் இழுக்கக்கூடாது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் புழுக்கை வாரினோம். கம்பெனிகள் சரக்கு அடுக்கிக் கழித்துப் போடுகிற மரப் பேலட்டுகள் பழைய சாமான் கடையில் மலை மாதிரி கிடக்கும். அவற்றை வாங்கி இரண்டிரண்டாகச் சேர்த்தால் கட்டில். பார்சலுக்குள் வைக்கிற வெள்ளை ஃபோம் ஷீட் அதற்கு மெத்தை. ஜன்னல் ஓட்டைகளில் சாக்குப் படுதா. காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டால் மத்தியானம் வரை உள்ளே சில்லென்று இருக்கும். வாசலில் என்னுடைய பழைய சிவப்புப் புடவையைக் கட்டினேன். லைனில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. சிவப்பு விளக்கு எரிந்தால் லைன் நின்றிருக்கிறது, யாரும் கை வைக்கக்கூடாது. புடவை தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார்கள். ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரத்துக்குப் புடவை இறங்கும். அதற்கப்புறம் கூடம் அவர்களுக்கு. பந்து, பாடம், கத்தல், எது வேண்டுமானாலும். தினமும் ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே நாயையும் மாட்டையும் விரட்டுவது முறை. வெங்காய வண்டிக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். பேசினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதற்கப்புறம் அவர் சிவப்பைப் பார்த்தால் மைக்கை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளாத குறையாகக் கடந்துபோவார்.

எல்லாம் சரி. ஆனால் முதலில் போய்ப் படுத்துப் பார்த்தவர்கள் ஒரு குறை சொன்னார்கள். மல்லாந்து படுத்தால் மேலே வெறும் கான்கிரீட். சாம்பல் நிறம், பலகை அச்சு. கம்பெனிக் கூரை மாதிரியே இருக்கிறதாம், பார்த்தால் டியூட்டி ஞாபகம் வருகிறதாம்.

அக்காதான் சொன்னார்: "ராத்திரி வேலைக்குப் போறவங்க ராத்திரியப் பாத்தே வருசக்கணக்காவுது. உள்ள பூரா டியூப் லைட்டு. ஒரு நட்சத்திரம் பாத்திருப்பாங்களா? அத மேல வரைஞ்சி வுட்டா இன்னா?"

அது உண்மைதானே. இருட்டை வேலைக்குக் கொடுத்துவிட்டு வெளிச்சத்தில் தூங்கத் தவிக்கிறார்கள். அந்த இருட்டில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்.

அக்காவின் வீட்டுக்காரரும் அவருடைய பெயிண்ட் ஷாப் கூட்டாளிகளும் வாரவிடுமுறை நாட்களில் சாரம் கட்டி ஏறினார்கள். அவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்போம். ஆள் சாந்தம், ஆனால் பெயிண்ட் என்று வந்துவிட்டால் ராஜா. கரு நீலம் கரைத்து, ஒரு திட்டு இல்லாமல் அடித்தார். நிலா வேண்டுமா வேண்டாமா என்று கீழே பெரிய பஞ்சாயத்து நடந்தது. முழு நிலா கண்ணைக் கூசும் என்று கடைசியில் ஒரு நகத்துண்டுப் பிறைக்கு எல்லாரும் இறங்கிவந்தோம். நட்சத்திரம் வரையும்போதுதான் வேடிக்கை. டிசம்பர் வந்தால் அண்ணன் வாசலில் கட்டுவாரே, மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் ஒட்டின வால் வைத்த ஸ்டார், அதைத் தவிர வேறு நட்சத்திரம் அவர் கைக்கு வரவில்லை. வானம் முழுக்க வால். "எல்லா ஸ்டாரும் ஒரே மாட்டுக் கொட்டாய்க்கே வழி காட்டுதா?" என்று அக்காவே கிண்டல் பண்ணினார். என் மகள் அண்ணாந்து பார்த்து, வால் வைத்த பட்டம் என்று நினைத்து, "காத்தாடி, காத்தாடி" என்றாள். குழந்தை சொல்லிவிட்டது, அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிறுத்தவில்லை. காய்ந்த வானத்தின் மேல் அண்ணனும் கூட்டாளிகளும், யாரையும் கேட்காமல், ஒரு கோட் வார்னிஷை இழுத்துவிட்டார்கள். அவர்கள் வேலை பார்க்கிற இடத்தில் அதுதான் கடைசிக் கை. அது இல்லாமல் எந்த வண்டியும் வெளியே போகாது. கை தானாகச் செய்துவிட்டது.

மறுநாள் காலையில் மெத்தை விளம்பரத்துக்கு வந்தவர்கள் மாதிரி எல்லாரும் தலையணையோடு போனார்கள். என் வீட்டுக்காரரும் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். நேராகப் பரணைப் பார்த்தார்.

"இன்னாச்சுங்க?"

"படுத்தா மேல என் மூஞ்சியே என்னப் பாக்குது. ரோட்ல ஒரு லாரி போனா அந்தக் கண்ணாடி வெளிச்சம் மேல பட்டு, கண்ணுக்குள்ள குத்துது. அது வானமா? பாலிஷ் போட்ட கார் டாப்பு." பையை இழுத்து இறக்கினார். "நான் சொன்னேன்ல, இதெல்லாம் ஆவாது. ஆயுத பூஜ வர்துக்குள்ளவே போயிடறேன்."

நான் பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டேன். வெளியே பட்டப்பகல், உள்ளே நாங்கள் இரண்டு பேர் ஒரு பைக்காக இழுபறி. குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அவர்தான் முதலில் கையை விட்டார்.

நான் செருப்பு கூடப் போடாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சேதி போயிருந்தது. அந்தப் பளபளப்பை மங்கடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவருக்கு முகமே கறுத்துவிட்டது.

"என்னம்மா இப்படிச் சொல்லுதிய? எங்க லைன்ல ஷைனிங் இல்லன்னா ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிருவான். இத்தன வருசத்துல நான் மங்கலா ஒரு பீஸ் வெளிய அனுப்பினது கெடையாது."

"அண்ணே, அது கார். இது தூக்கம்."

என் வீட்டுக்காரர் பையை இறக்கிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு வாட்டர் பேப்பரை எடுத்தார். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்.

அந்த வாரம் முழுக்க, பஸ் இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கூடத்துக்கு வந்து தேய்த்தார்கள். அண்ணன் சாரத்தின் மேல் மல்லாந்து, வட்டம் வட்டமாக, யாரையும் அவசரப்படுத்த விடாமல் தேய்த்தார். ஒருவர் மாற்றி ஒருவர் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் முதல் இரண்டு நாள் வரவில்லை. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஏறிப் பேப்பரை வாங்கிக்கொண்டார். நீலத் தண்ணீர் முகத்தில் சொட்டி, இறங்கும்போது எல்லாரும் தெருக்கூத்துக் கிருஷ்ணன் மாதிரி இருந்தார்கள். பால் ஊற்ற வந்தவர் சைக்கிளை நிறுத்தி, எந்த ஊர்த் திருவிழா என்று கேட்டார்.

தேய்த்து முடித்தபோது வார்னிஷ் செத்துப்போய், நீலத்தின் மேல் ஒரு வெண்புகை படர்ந்திருந்தது. வட்டம் வட்டமாகத் தேய்த்த தடம் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து, மழைக்கு முந்தின ராத்திரியில் வானம் கலங்குமே, அப்படி. அண்ணன் போட்ட கூர்மையான ஸ்டார்கள் வாலெல்லாம் கரைந்து, உண்மையாகவே தூரத்துக்குப் போய்விட்டன. சாரத்தை இறக்கிவிட்டு அண்ணன் ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றார்.

"சந்தேகமே இல்ல, ரிஜெக்ட் பீஸ்தான்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா நான் பாத்ததுலயே நல்ல ரிஜெக்ட்."

அடுத்த நாள் என் வீட்டுக்காரர் போய்ப் படுத்தார். வரவில்லை. சோறு ஆறியது, வரவில்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பேலட்டுகள், வரிசையாக மனிதர்கள், வாயில் ஈ போவது தெரியாமல். அவர் ஒருக்களித்து, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, என் மகள் தூங்குகிற அதே மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். முதுகு மெதுவாக ஏறி இறங்கியது. அது தூங்கின முதுகு. நான் வாசலுக்கு வந்து, சிவப்புப் புடவையின் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் கொண்டுவந்தார். அவர் பழைய மாதிரி பேச ஆரம்பித்திருந்தார். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பருப்பு வெந்திருக்கிறது என்று கூடக் கண்டுபிடித்தார். ஆனால் பை மட்டும் பரணிலேயே இருந்தது, ஜிப் இழுத்தபடி. அதைப் பற்றி அவர் பேசவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று நானும் கேட்கவில்லை. வீடு பெருக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். அது அங்கே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள், வாசல் காவல் என் முறை. அதற்கு முந்தின நாட்களில் குழந்தைக்குக் காய்ச்சல். நான் தோளிலேயே போட்டு ஆட்டிக்கொண்டு கிடந்தேன். அன்றைக்குத்தான் காய்ச்சல் விட்டு, அக்கா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. தூங்கினவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். என் வீட்டுக்காரரும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கூடம் காலியானது. புடவையை இறக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குமுன் ஒரு ஆசை. இத்தனை செய்தும் அந்த வானத்தை நான் நின்றுகொண்டுதான் பார்த்திருக்கிறேன். படுத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். யாரும் இல்லையே என்று ஓரத்தில் ஃபோம் போடாமல் இருந்த ஒரு பேலட்டில் சாய்ந்தேன். ஒரே நிமிடம், பார்த்துவிட்டு எழுந்துவிடலாம்.

மேலே காத்தாடிகள் மெல்ல அசைகிற மாதிரி இருந்தது. அவற்றுக்குப் பின்னால் இன்னும் நிறையக் காத்தாடிகள். குட்டையிலிருந்து காற்று வந்தது. பிறை கொஞ்சம் கீழே இறங்கிவந்து, என்னை யாரென்று பார்த்துவிட்டுப் போனது. கொக்கு ஒற்றைக் காலை மாற்றி வைத்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது இருட்டு. மேலே நட்சத்திரம். ராத்திரி ஆகிவிட்டது, அவருக்கு டிபன் கட்டவில்லை, பஸ் வந்திருக்கும் என்று துள்ளி எழுந்து உட்கார்ந்தேன். பிறகுதான் வாசல் பக்கம் தெரிந்தது. வெளியே அந்தி மஞ்சள். என் சிவப்புப் புடவை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் வெயில் பட்டு வாசல் முழுக்கச் சிவப்பு. அதற்கு அந்தப் பக்கம் லேஅவுட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். படியில் என் வீட்டுக்காரர். மடியில் குழந்தை. அவள் உதட்டின் மேல் தானே விரலை வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

வளைவுக்கு வெளியே கம்பெனி பஸ் வந்து நின்றது. எப்போதும் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஹாரன் அடிக்கிற பஸ். அவர் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு எழுந்து, இரண்டு கையையும் தூக்கி டிரைவருக்கு வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். பஸ் ஹாரன் அடிக்கவில்லை. மற்றவர்கள் ஏறினார்கள், அவர் ஏறவில்லை. அது மெதுவாகத் திரும்பி, ஒரகடம் ரோட்டில் போய்விட்டது.

"ஷிப்ட்டு?" என்றேன். குரல் கரகரத்தது.

திரும்பிப் பார்த்தார். "லீவு சொல்டேன். நீ தூங்கு."

"புடவைய ஏன் எறக்கல? புள்ளைங்க எவ்ளோ நேரமா…"

"உள்ள ஆள் தூங்கிச்சே."

இந்தக் கூடத்தில் யார் யார் தூங்க வேண்டும் என்று யோசித்து யோசித்துச் செய்தேன். அதில் நான் இல்லவே இல்லை. எத்தனை மாதமாக நான் தூங்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அவர் கவனித்திருக்கிறார்.

அப்போதுதான் தலை வைத்திருந்த இடத்தைக் கையால் தடவினேன். வெறும் பேலட்டில்தானே சாய்ந்தேன்? கைக்கு ஜிப் தட்டுப்பட்டது. நீலப் பை.

"இத எதுக்கு எடுத்தாந்தீங்க?"

"தல கட்டைல இடிச்சிகினு கெடந்தே. தலகாணி ஒண்ணும் கெடைக்கல." குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "துணியெல்லாம் பீரோல வச்சிட்டேன். உள்ள உன் பழைய பொடவதான் கீது, மெத்துனு இருக்கட்டும்னு."

பையை இரண்டு தட்டுத் தட்டி, பள்ளம் பண்ணி, மறுபடியும் படுத்துக்கொண்டேன்.